எத்தனை கம்ப்யூட்டரில்

பானுமதிக்கு எது கையில் கிடைத்தாலும் வரி விடாமல் படிக்கிற பழக்கம். மாத்திரை அட்டையின் பின்பக்கம், பஸ் டிக்கெட்டின் அடியில் இருக்கும் பொடி எழுத்து, ரேஷன் கடைச் சுவரில் பாதி கிழிந்த அறிவிப்பு என்று எதையும் விடமாட்டாள். டி.டி.பி. வேலையில் ப்ரூஃப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் அது. அதனாலேயே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு வழி இல்லாமல் போயிற்று.

இரண்டாயிரத்துப் பதினாறு ஜூலை மாதக் கடைசி. வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த விண்டோஸ் ஏழை, செலவில்லாமல் விண்டோஸ் பத்தாக மாற்றிக்கொள்ளும் கெடு முடிய மூன்று நாள்தான் இருந்தது. ஸ்ரீரங்கம் அம்மாமண்டபம் ரோட்டில், மாடிப் போர்ஷனில் குடியிருந்தார்கள். கணவர் ரெங்கராஜ் மின்வாரிய ஆபீசுக்குப் போயிருந்தார், மகள் அறிவுமதி ஸ்கூலுக்கு. பானுமதி பட்டனை அழுத்தினாள். ஒப்பந்தப் பக்கம் திறந்தது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு "சம்மதம்" கொடுக்கும் அந்தப் பக்கத்தை அவள் மேலிருந்து கீழ்வரை படித்தாள். பழைய லைசென்ஸ் இனிமேல் தனியாக இல்லை, புதியதோடு சேர்ந்துவிட்டது, அதைப் பிரித்து இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கொடுக்க முடியாது என்றுதான் அவளுக்கு அதிலிருந்து அர்த்தமாயிற்று. அர்த்தமானபிறகுதான் சம்மதம் என்பதை அழுத்தினாள்.

ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அலமாரியில் விண்டோஸ் ஏழின் அட்டைப்பெட்டி இருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த கொழுந்தன் சரவணன், அண்ணி வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை செய்கிறாளே என்று வாங்கிவந்த ஒரிஜினல். உள்ளே டிஸ்க்கும், இருபத்தைந்து எழுத்துள்ள கீ ஒட்டிய அட்டையும் அப்படியே இருந்தன. அதைப் பார்த்ததும் அவளுக்கு நஜீமா ஞாபகம் வந்தாள்.

நஜீமாவும் அவளும் மலைக்கோட்டைக்குக் கீழே, நந்தி கோயில் தெருவில் ஒரு மாடியில் இருந்த டி.டி.பி. சென்டரில் ஐந்து வருஷம் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். ஒரே வயசு. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கூட்டுறவு சங்க ஆண்டறிக்கை என்று வந்ததையெல்லாம் அடித்தார்கள். நஜீமா அடிக்கிற வேகத்துக்கு யாரும் பக்கத்தில் வர முடியாது. ஒரு நாள் மத்தியானம், பானுமதி லீவு போட்டிருந்தபோது, திருட்டு சாஃப்ட்வேர் வைத்திருப்பதாகச் சொல்லி சென்டரில் சோதனை நடந்தது. ஓனர் டீ குடிக்கப் போனவர் திரும்பி வரவில்லை. மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தது நஜீமா மட்டும்தான். மெஷின்களோடு அவளையும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். யாரும் அதட்டவில்லை. ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, எந்த சாஃப்ட்வேரை யார் போட்டது என்று கேட்டார்கள். அவளுக்குப் பதில் தெரியவில்லை. சாயங்காலம் அவளுடைய அத்தா வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போனார். அப்போது அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்த நேரம். மாப்பிள்ளை வீட்டுக்கு இது தெரியவே கூடாது என்று அத்தா சத்தியம் வாங்கிக்கொண்டார். நஜீமா அதைச் சொன்ன ஒரே ஆள் பானுமதி.

அதற்குப் பிறகு காப்பி போட்ட சாஃப்ட்வேர் இருக்கும் எந்த மெஷினையும் நஜீமா தொடுவதில்லை. கல்யாணமாகிப் பாலக்கரையில் குடியேறினாள். கணவர் ஷேக் தாவூது பெரிய கடை வீதியில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தார். மகள் ஸஹ்ரா பிறந்தபிறகு, வீட்டிலிருந்தே அச்சு வேலை செய்யலாம் என்று கம்ப்யூட்டர் வாங்கினாள். வாங்கிக் கொடுத்தவர், "எல்லாம் காப்பி போட்டுத் தரேம்மா" என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கிற வேறொன்றைப் போட்டுக்கொண்டாள். அதில் அவள் சென்னையிலிருந்து ஒரிஜினலாக வாங்கிவைத்திருந்த தமிழ்ப் பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேர் ஓடவில்லை. அது விண்டோஸ் ஏழுக்கு மேலேயும் ஓடாது, வேறெதிலும் ஓடாது. கடையில் அப்போது புது விண்டோஸ்தான் கிடைத்தது. கை வேகம் அவ்வளவு இருந்தும், மற்றவர்கள் அடித்ததைத் திருத்திக் கொடுக்கும் சில்லறை வேலையோடு இருந்தாள்.

அவளுக்குத் தேவையானது தன் அலமாரியில் சும்மா கிடக்கிறது என்று பானுமதிக்குத் தோன்றியது. படித்த வரி மறந்துபோகவில்லை. ஆனால் அந்த வரியை எழுதியவர்கள் எங்கேயோ இருந்தார்கள், நஜீமா பாலக்கரையில் இருந்தாள். ஊரே காப்பி போட்டு ஓட்டும்போது, காசு கொடுத்து வாங்கிய ஒன்றைத் தோழிக்குக் கொடுப்பதில் என்ன பெரிய தப்பு வந்துவிடப்போகிறது என்று நினைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

நஜீமா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து பானுமதிக்கே கூச்சமாகிவிட்டது. டிஸ்க் ஏறி முடிந்ததும், இந்த எண்ணை இன்டர்நெட் வழியாக ஏற்க முடியவில்லை, போனில் கூப்பிடவும் என்று திரையில் வந்தது. பானுமதி கூப்பிட்டாள். இங்கிலீஷில் பதிவு செய்த ஒரு பெண் குரல். ஆறு ஆறு இலக்கமாக ஒன்பது தொகுதி எண்களை அழுத்தச் சொன்னது. நஜீமா வாசிக்க வாசிக்க பானுமதி அழுத்தினாள். கடைசியாக, இந்தப் பிரதி எத்தனை கம்ப்யூட்டரில் போடப்பட்டிருக்கிறது என்று குரல் கேட்டது. பானுமதி ஒன்றை அழுத்தினாள்.

"என்ன கேட்டுச்சு?" என்றாள் நஜீமா.

"எத்தனை கம்ப்யூட்டர்ல இருக்குன்னு. ஒண்ணுதான்னு சொல்லிட்டேன்."

"உன் வீட்ல இருந்ததை எடுத்தாச்சுல்ல?"

"எடுத்தாச்சு. அங்க இப்ப பத்துதான் இருக்கு."

சொன்னதில் பொய் என்று ஒரு வார்த்தை இல்லை. ஆனால் நஜீமா கேட்டது வேறு என்று அவளுக்குத் தெரியும். குரல் பதில் எண்களைச் சொல்ல ஆரம்பித்ததால் அத்தோடு பேச்சு போய்விட்டது.

அதற்குப் பிறகு நஜீமாவின் வேலை மளமளவென்று வளர்ந்தது. முதலில் அக்கம்பக்கத்துப் பத்திரிகைகள், பிறகு ஜமாஅத் நோட்டீஸ்கள். அடுத்த வருஷம் மதுரையில் பள்ளிக்கூட உரைநூல் போடும் ஒரு பதிப்பகம் தமிழ் இலக்கண நூல்களை அவளிடம் கொடுத்தது. அவர்கள் ஒழுங்கானவர்கள். வேலை செய்கிற ஒவ்வொருவரிடமும் ஓர் உறுதிமொழித் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பயன்படுத்தும் மென்பொருள்கள் எல்லாம் முறையான உரிமத்தோடு இருப்பவை என்று அதில் ஒரு வரி இருந்தது. நஜீமா போன் பண்ணி அந்த வரியை வாசித்துக் காட்டி, "கையெழுத்துப் போடலாம்ல பானு?" என்று கேட்டாள்.

பானுமதி அடுப்பில் குழம்பு வைத்திருந்தாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் கிடைத்திருக்காது. சொல்லியிருந்தால் நஜீமா அந்த வேலையை எடுத்திருக்க மாட்டாள். வருத்தப்பட்டிருப்பாள், வேறு வழி தேடியிருப்பாள். அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

"போடு, அதுக்கென்ன," என்றாள் பானுமதி.

இரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. பதிப்பகத்துக்கு நஜீமா நான்கு புத்தகம் முடித்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றும் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பினாள். பானுமதி அந்த வரியை நினைப்பதையே விட்டுவிட்டிருந்தாள்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது மே மாதம் ஒரு மழையில் கரண்ட் ஏறி இறங்கியதில் பானுமதியின் கம்ப்யூட்டரில் மதர்போர்டு போய்விட்டது. தில்லைநகரிலிருந்து வீரமலை என்ற சர்வீஸ்காரர் வந்து வேறு போர்டு மாட்டினார். மெஷின் ஓடியது. ஆனால் திரையின் வலது மூலையில், விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும் என்று மங்கலாக இரண்டு வரி வந்து நின்றது. போர்டு மாறினால் அப்படித்தான் வரும் என்றார் வீரமலை.

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுங்க. வேலைக்கு ஒண்ணும் தடை இல்ல. பழைய விண்டோஸ் கீ வெச்சிருந்தீங்கன்னா அடிச்சுப் பாருங்க, எடுத்துக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலைக்கு ஒரு தடையும் இல்லைதான். அறிவுமதி காலேஜ் அப்ளிகேஷன்களை அந்த எழுத்து மூலையில் இருக்கும்போதே போட்டு முடித்தாள். பானுமதிக்குத்தான் பொறுக்கவில்லை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தான் அடிக்காத இரண்டு வரி மூலையில் நின்றது. தூசி என்று நினைத்து ஒரு நாள் துடைக்கக்கூடப் போனாள். கீயை நஜீமாவிடம் கொடுப்பதற்கு முன்பே டைரியில் எழுதிவைத்திருந்தாள். அதை இங்கே அடித்தால் அங்கே ஏதாவது ஆகலாம் என்று தெரியும். ஆகும் என்று உறுதியாகத் தெரியாது. ஒன்பது நாள் பொறுத்தாள். பத்தாம் நாள் காலை இருபத்தைந்து எழுத்தையும் அடித்தாள். எழுத்து மறைந்தது. திரை சுத்தமாக இருந்தது.

பதினோரு நாள் கழித்து, பதிப்பகத்து எடிட்டர் ரங்கசாமி கடைசிப் ப்ரூஃப் பார்க்க மதுரையிலிருந்து நேரே பாலக்கரைக்கு வந்திருந்தார். வயதானவர், மரியாதையாகப் பேசுகிறவர். நஜீமா பக்கத்தைத் திறந்து காட்டிக்கொண்டிருக்கும்போதே திரையின் பின்னணி கறுத்தது. இந்தப் பிரதி அசல் அல்ல என்று இங்கிலீஷில் எழுத்து வந்தது. அவள் அதை மூடினாள். மறுபடியும் வந்தது. ரங்கசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தான் பார்க்காததுபோல் இருந்துவிடலாம், ஆனால் அந்த உறுதிமொழித் தாள் ஆபீஸ் ஃபைலில் இருக்கிறது, கேட்டால் பதில் சொல்லவேண்டியது தான்தான் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நீங்கள் பார்க்காததுபோல் இருக்கவேண்டாம், நானே விசாரித்து எழுதுகிறேன் என்றாள் நஜீமா.

அவர் போனதும் பானுமதிக்குப் போன் வந்தது. இப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது, "ஏதாவது அப்டேட் கோளாறா இருக்கும், ரெண்டு நாள் பாரு."

நஜீமா இரண்டு நாள் பார்க்கவில்லை. அன்றைக்கே ஸஹ்ராவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே நம்பருக்குக் கூப்பிட்டாள். இந்தத் தடவை நிஜ ஆள் கிடைக்கும்வரை லைனில் காத்திருந்தாள். இந்த எண் வேறொரு கம்ப்யூட்டரில் சமீபத்தில் போடப்பட்டிருக்கிறது என்று அந்த ஆள் சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன்னால் விண்டோஸ் பத்தாக மாற்றியபோதே அது அந்தக் கம்ப்யூட்டரோடு சேர்ந்துவிட்டது, வேறெதிலும் போட உரிமை இல்லை என்றும் விளக்கினார். நஜீமா தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அவள் ஸ்ரீரங்கம் வந்தாள். சொல்லாமல் வந்ததே இல்லை. கையில் துணிப்பை. பானுமதி காப்பி போடட்டுமா என்றதற்குத் தண்ணீர் போதும் என்றாள். தண்ணீரைக் குடித்துவிட்டுப் பையிலிருந்து அட்டைப்பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நஜீமா அதைப் பார்த்தாள்.

பானுமதி தானாகவே சொல்ல ஆரம்பித்தாள். ஒப்பந்தப் பக்கத்தைப் படித்தது, போனில் ஒன்றை அழுத்தியது, கையெழுத்துப் போடச் சொன்னது, மூலையில் இருந்த இரண்டு வரி பிடிக்காமல் கீயை அடித்தது. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். சொல்லும்போதே ஒவ்வொன்றும் எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று தெரிந்தது. உனக்கு நல்லது ஆகட்டும் என்றுதான் கொடுத்தேன் என்று முடித்தாள்.

"கொடுத்தப்போ நல்லதுக்குத்தான் கொடுத்தே. அதுல எனக்கு சந்தேகமே இல்ல," என்றாள் நஜீமா. "நான் ரெண்டு தடவை கேட்டேன் பானு. ஏன் கேக்கிறேன்னு இந்த ஊர்லயே உனக்கு மட்டும்தான் தெரியும்."

பானுமதி அட்டைப்பெட்டியை மேஜை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"அன்னிக்கு ஸ்டேஷன்ல உக்காந்திருந்தப்போ, எனக்குத் தெரியாம யாரோ செஞ்சதுன்னு சொல்ல முடிஞ்சுது. இதையும் எனக்குத் தெரியாமத்தான் செஞ்சிருக்கே. ஆனா இதுல கையெழுத்து என்னுது."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். டம்ளரைக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். பானுமதி பஸ் ஸ்டாப்வரை கூடப் போனாள். திருவானைக்கோவில் வழியாகப் போகும் பஸ் வரும்வரை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அறிவுமதிக்கு எந்தக் காலேஜ் கிடைக்கும்போல இருக்கிறது என்று நஜீமா விசாரித்தாள்.

நஜீமா பதிப்பகத்துக்கு எழுதினாள். தன் விண்டோஸுக்கு முறையான உரிமம் இல்லை என்று தெரியவந்திருக்கிறது, கையெழுத்திட்டபோது அது தெரியாது, வருந்துகிறேன் என்று நாலு வரி. யார் பெயரையும் சொல்லவில்லை. பதிப்பகம் பாதியில் இருந்த புத்தகத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டது.

இதை ஷேக் தாவூதின் கடையில் வாட்சுக்கு பாட்டரி போடப் போனபோது பானுமதி தெரிந்துகொண்டாள். அவர் குறையாகச் சொல்லவில்லை, கடிதம் போனதையும் புத்தகம் திரும்பிப் போனதையும் சொல்லி, நஜீமா இப்போது கொஞ்சம் ஓய்வாக இருக்கிறாள் என்று முடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் பானுமதி உட்கார்ந்து பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் அடித்தாள். இரண்டு பக்கம். தப்பு முழுக்கத் தன்னுடையது என்று எழுதினாள். நஜீமா எவ்வளவு நேர்மையானவள் என்று அவர்களுக்குப் புரியவேண்டும், அதற்குக் காரணம் சொல்லாமல் முடியாது என்று தோன்றியது. அதனால் நந்தி கோயில் தெரு சென்டரில் நடந்த சோதனையையும், அவள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததையும், அன்றிலிருந்து காப்பி சாஃப்ட்வேரைத் தொடாததையும் விரிவாக எழுதினாள். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தாள். ரெங்கராஜிடம் படித்துக் காட்டினாள். நன்றாக இருக்கிறது, அனுப்பு என்றார் அவர். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினாள்.

பத்து நாளில் பதில் வந்தது, ஆனால் வந்தது பாலக்கரைக்கு. நல்ல எண்ணத்தில்தான் ரங்கசாமி அங்கே போன் செய்திருக்கிறார். வீட்டு லைனை எடுத்தது நஜீமாவின் மாமியார் ஜஹானாரா. உங்கள் மருமகள் போலீஸ் ஸ்டேஷன்வரை போய்க் கஷ்டப்பட்டவள் என்று தெரியாமல் போய்விட்டது, அவர்மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, விதிப்படி இப்போதைக்கு வேலை தரமுடியவில்லை என்று அவர் மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார். பதினாலு வருஷமாக அந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருந்த விஷயம்.

அன்று சாயங்காலம் நஜீமாவின் போன் வந்தது. பின்னால் வீட்டுச் சத்தம் எதுவும் கேட்கவில்லை, எங்கோ வெளியே வந்து பேசினாள்போல.

"ஸ்டேஷன் விஷயத்தையும் எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள்.

பானுமதிக்கு முதலில் கேள்வி காதில் விழவில்லை. "எழுதிட்டீங்களா" என்றதுதான் விழுந்தது. முதல் வாரத்திலிருந்தே நீ, வா, போ என்று பேசிக்கொண்டவர்கள் அவர்கள்.

"உனக்கு வேலை திரும்பக் கிடைக்கணும்னுதான் எழுதினேன் நஜீமா."

"தெரியுது. எங்க அத்தா மவுத் ஆகிற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. இனிமே எனக்காக எதுவும் செய்யாதீங்க. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அவள் வீட்டில் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று பானுமதிக்கு முழுசாகத் தெரியாது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் ஷேக் தாவூது சொன்னார். தன் மனைவி தன்னிடமே மறைத்துவிட்டாள் என்பதில் அவருக்கு வருத்தம் இருந்தது. அதை வாட்சின் மூடியைத் திருகிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அதற்கப்புறம் பானுமதி அந்தக் கடைக்குப் போகவில்லை.

எப்போதாவது பானுமதி போன் செய்வாள். நஜீமா எடுப்பாள். நல்லா இருக்கீங்களா என்பாள், அறிவுமதியைப் பற்றி விசாரிப்பாள், இரண்டு நிமிஷம் நன்றாகப் பேசுவாள், அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று வைத்துவிடுவாள். கோபமாகப் பேசியிருந்தால் பதிலுக்கு அழவாவது செய்திருக்கலாம். கொரோனா வந்த வருஷத்தில் அந்தப் போனும் நின்றது. மூலையில் எழுத்து இல்லாத அந்தத் திரை முன்னால் உட்கார்ந்து பானுமதி தீசிஸ்களும் திருமணப் பத்திரிகைகளும் அடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஒன்பது நாளைப் பத்து, பதினைந்து, நூறு நாளாக ஆக்கியிருக்கலாமே, பழகியிருக்குமே என்று சில சமயம் கை நின்றுவிடும்.

சென்ற ஜூன் மாதம், மலைக்கோட்டை வாசலுக்கு எதிரே ஒரு புத்தகக் கடையில் கூட்டத்தோடு நின்றபோது, பத்தாம் வகுப்புத் தமிழ் உரைநூல் ஒன்று கைக்கு வந்தது. வேறு ஏதோ பதிப்பகம், கோயம்புத்தூர். பழக்கப்படி முதல் பக்கத்தின் பின்புறத்தைப் படித்தாள். பொடி எழுத்தில், பக்க வடிவமைப்பு: நஜீமா தாவூது, ஸஹ்ரா தாவூது, திருச்சி என்று இருந்தது. எழுத்துரு புதியது, அந்தப் பழைய சாஃப்ட்வேரில் வராதது. மகளோடு சேர்ந்து புதியதைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். பானுமதி அங்கேயே நின்று முப்பது பக்கம் புரட்டினாள். ஓர் ஒற்று விடுபடவில்லை, எந்த வரியும் ஏடாகூடமாக உடையவில்லை.

போன் செய்யலாம் என்று மொபைலை எடுத்தாள். நன்றாக வந்திருக்கிறது என்று சொன்னால், நஜீமா சந்தோஷமாகத்தான் கேட்பாள். ரொம்ப நன்றிங்க என்பாள். பானுமதி மொபைலைப் பைக்குள் போட்டுவிட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.

இந்த வீட்டில் பத்தாம் வகுப்பில் யார் இருக்கிறார்கள் என்று பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருந்த அறிவுமதி கேட்டாள். யாரும் இல்லை, சும்மா வாங்கினேன் என்று சொல்லிவிட்டு பானுமதி கை கால் கழுவப் போனாள்.